0-9 என்று மெசேஜ் அனுப்புகிறவனுக்கு

வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் ஒரு எண் வந்து விழும். "0-9". வேறு ஒன்றும் இருக்காது. அனுப்புகிறவன் டஸ்கலூசாவில் எம்.எஸ். படித்த என் நண்பன். நான் படித்தது கொலம்பஸில். ஆக அவன் அலபாமா கட்சி, நான் ஓஹையோ ஸ்டேட் கட்சி. ஊரில் இருந்தவரை இரண்டு பேரும் இந்த முட்டை வடிவப் பந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. இங்கே வந்து குலதெய்வத்துக்கு அடித்துக்கொள்கிற மாதிரி அடித்துக்கொள்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கான்ஃபரன்ஸ் என்பது பதினைந்து, பதினெட்டுக் கல்லூரிகள் சேர்ந்து போட்டுக்கொண்ட கூட்டணி. எங்களுடையது பிக் டென் (பெயரில்தான் பத்து, உள்ளே பதினெட்டு). அவனுடையது தென் மாநிலங்களின் எஸ்.இ.சி. சீசன் முடிந்ததும் வேற்றுக் கூட்டணி டீம்களோடு மோதுவது பௌல் ஆட்டம். 1978 ஜனவரி தொடங்கி 2008 ஜனவரி வரை எஸ்.இ.சி. டீம்களோடு ஓஹையோ ஸ்டேட் ஒன்பது பௌல் ஆடியது. ஒன்பதும் தோல்வி. அதுதான் அந்த 0-9.

அந்த ஒன்பதில் கடைசி இரண்டையும் கொலம்பஸில் இருந்தபோதே பார்த்தேன். 2007 ஜனவரி 8, தேசிய சாம்பியன்ஷிப், எதிரில் ஃப்ளோரிடா. லேன் அவென்யூ பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். முதல் கிக்காஃபையே (ஆட்டம் தொடங்க உதைக்கிற பந்து) டெட் ஜின் பிடித்து, ஒரே ஓட்டமாக எதிராளியின் எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் போட்டார். பதினாறே விநாடி. வீடு அதிர்ந்தது. கொண்டாடுகிறேன் என்று சொந்த டீம் ஆட்களே அவர்மேல் விழுந்ததில் ஜின்னுக்குக் காலில் அடி. அதோடு அவர் ஆட்டம் முடிந்தது, எங்கள் ஆட்டமும்தான். அந்த வருஷம் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) ட்ராய் ஸ்மித் அன்று இரவு முழுக்க எறிந்து எடுத்தது 35 கெஜம். முடிவு 41-14. ஆர்டர் பண்ணிய பீட்சாவில் பாதி அப்படியே ஆறிப்போனது. யாரும் தொடவில்லை.

அந்தத் தோல்விக்குச் சாக்கு கிடையாது. ஆட்டம் நடந்தது அரிஸோனாவில், இரண்டு பேருக்கும் பொது இடம். அடுத்த வருஷம் எல்.எஸ்.யு.விடம் (லூயிசியானா ஸ்டேட்) 38-24 என்று தோற்றது நியூ ஆர்லியன்ஸில். அது அவர்கள் வீட்டுத் திண்ணை. அந்த ஒன்பதில் பெரும்பாலானவை நியூ ஆர்லியன்ஸிலும் ஃப்ளோரிடாவிலும் நடந்தவைதான். நவம்பர் பனியில் அவர்களை ஒருமுறை கொலம்பஸுக்குக் கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று ரொம்ப நாள் புலம்பினேன். புலம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

என் சண்டை தோல்வியோடு இல்லை, கணக்கு எழுதுகிற முறையோடு. 1988 செப்டம்பரில் கொலம்பஸில் வைத்தே எல்.எஸ்.யு.வை 36-33 என்று ஜெயித்தோம். அது பௌல் இல்லையாம், சேராது. 2011 ஜனவரியில் சுகர் பௌலில் அர்கன்ஸாவை 31-26 என்று வீழ்த்தினோம். அதற்குச் சில நாள் முன்புதான் வீரர்கள் தங்களுக்குக் கிடைத்த மோதிரம், ஜெர்ஸி இதையெல்லாம் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்ட விவகாரம் வெடித்திருந்தது. தெரிந்தும் மறைத்த கோச் ஜிம் ட்ரெஸல் பிறகு பதவியை விட்டார். அந்த சீசன் வெற்றிகள் அத்தனையும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. ஆக நான் கண்ணால் பார்த்த ஆட்டத்தில் இன்று அதிகாரபூர்வமாக நாங்கள் ஜெயிக்கவில்லை. அர்கன்ஸாவும் ஜெயிக்கவில்லை. அடுத்த வருஷம் ஃப்ளோரிடாவிடம் மறுபடி உதை. நண்பன் அன்றே "0-10" என்று திருத்தி அனுப்பினான். 2015 புத்தாண்டு அன்று அவனுடைய அலபாமாவையே 42-35 என்று சாய்த்தோம், அதுவும் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்கை வைத்து. அந்த வருஷம் மட்டும் மெசேஜ் வரவில்லை.

இப்போது டெக்ஸஸுக்கு வருவோம். 2009 ஜனவரியில் ஃபியெஸ்டா பௌலில் டெக்ஸஸிடம் 24-21 என்று தோற்றோம். அப்போது டெக்ஸஸ் பிக் 12 கூட்டணி. 2025 ஜனவரியில் ப்ளேஆஃபில் (பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று) அதே டெக்ஸஸை 28-14 என்று ஜெயித்து, அடுத்து நோட்ர டேமையும் வென்று பட்டம் எடுத்தோம். அதற்குள் டெக்ஸஸ் எஸ்.இ.சி.க்குத் தாவிவிட்டது. நண்பனின் கணக்கில் பழைய தோல்வி எஸ்.இ.சி.யிடம் தோற்றது, புது வெற்றி "போன வருஷம் வந்தவன்டா அவன், எங்க ஆளே இல்ல". நம்மூர் தேர்தல் கூட்டணிக் கணக்கு தோற்றது போங்கள். என் கட்சி எளிமையானது: ஆட்டம் நடந்த அன்று யார் எந்தக் கூட்டணியோ அந்தக் கணக்கு. பின்னால் தாவினால் பழைய வெற்றியைச் சீதனமாகத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

தென்னகத்துப் பழைய ரெக்கார்டுகளில் இன்னொரு சங்கதி உண்டு. 1967 வரை எஸ்.இ.சி. ஃபுட்பாலில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை. அலபாமா 1970 செப்டம்பரில் தன் மாநிலத்து பர்மிங்ஹாமில் யு.எஸ்.சி.யோடு (சதர்ன் கலிஃபோர்னியா) ஆடியபோதும் அவர்கள் முதல் டீம் முழுக்க வெள்ளையர். எதிரில் சாம் கன்னிங்ஹாம் 135 கெஜம் ஓடினார், இரண்டு டச்டவுன். 42-21. யு.எஸ்.சி.க்காகப் பந்தைத் தூக்கி ஓடிய கிளாரென்ஸ் டேவிஸ் பிறந்ததே பர்மிங்ஹாமில்தான். ஊர்ப்பிள்ளை சொந்த ஊரில் ஆட இரண்டாயிரம் மைல் தாண்டிய கலிஃபோர்னியா ஜெர்ஸி வேண்டியிருந்தது. அந்தக் காலத்து வெற்றி எண்ணிக்கையைப் பார்க்கும்போது யாரோடு ஆடினார்கள் என்பதோடு, யாரைச் சேர்க்காமல் ஆடினார்கள் என்றும் பார்க்க வேண்டாமா?

என்னைக் கேட்டால், மதிக்க வேண்டியது சதவீதத்தை இல்லை, தைரியத்தை. ஃப்ளோரிடா ஸ்டேட் எந்தக் கூட்டணியிலும் இல்லாத 1981-இல் வரிசையாக ஐந்து ஆட்டம் வெளியூர்: நெப்ராஸ்கா, ஓஹையோ ஸ்டேட், நோட்ர டேம், பிட்ஸ்பர்க், எல்.எஸ்.யு. மூன்றில் ஜெயித்தார்கள் (எங்களையும் சேர்த்து). சீசன் முடிவில் 6-5. வெறும் எண்ணாகப் பார்த்தால் சுமாரான டீம். அந்தப் பட்டியலை எந்தப் பெரிய டீமிடமாவது இன்று நீட்டிப் பாருங்கள், கையெழுத்துப் போடுகிறார்களா என்று.

இந்த வருஷம் நண்பனுக்குப் பதிலடியாக செவானி கதையை அனுப்பினேன். டென்னஸி மலைமேல் ஒரு சின்னக் கல்லூரி. 1899 நவம்பரில் ரயிலேறிப் போய் ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆடினார்கள். டெக்ஸஸ், டெக்ஸஸ் ஏ அண்ட் எம், டூலேன், எல்.எஸ்.யு., ஓல் மிஸ். ஐந்திலும் வெற்றி, ஐந்திலும் எதிராளிக்கு ஒரு பாயிண்ட் கிடையாது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. ஊர்த் தண்ணீரையே பீப்பாயில் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த சீசன் 12-0. மொத்தம் 322 பாயிண்ட் எடுத்து, கொடுத்தது 10. அந்தப் பத்தும் ஆபர்னுக்கு, அதிலும் 11-10 என்று ஜெயித்தார்கள்.

1932-இல் எஸ்.இ.சி. உருவானபோது செவானியும் ஸ்தாபக உறுப்பினர். 1940-இல் விலகும் வரை கூட்டணிக்குள் ஆடியது 37 ஆட்டம். ஜெயித்தது பூஜ்யம்.

"0-9-ஐவிடப் பெரிய பூஜ்யம் உங்க வீட்லயே இருக்கு மாப்ள" என்று போட்டேன். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது:

"1899-ல ஜார்ஜியா, டென்னஸியையும் அடிச்சிருக்கான். ஆபர்ன் சேத்தா இன்னிக்கு எஸ்.இ.சி.ல இருக்கற ஏழு பேர ஒரே சீசன்ல முடிச்சிருக்கான்டா. உங்க ஆளுங்க பௌலு, ப்ளேஆஃப் எல்லாம் சேத்து இதுவரைக்கும் எத்தன?"

என் கட்சிப்படி, ஆட்டம் நடந்த அன்று எஸ்.இ.சி.யில் இருந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன். அலபாமா, டென்னஸி, டெக்ஸஸ். அர்கன்ஸாவைச் சேர்க்க முடியாது. ப்ளூ டிக் விழுந்துவிட்டது, இன்னும் பதில் போடவில்லை.