மூன்றே ஆட்டத்தில் தீர்ப்பா?

கால்பந்து அணிக்குப் புது மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், வந்து மூன்று ஆட்டம்கூட ஆகியிருக்காது, அதற்குள் "இவரை அனுப்புங்கள்" என்று ரசிகர்கள் கிளம்பிவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மேனேஜராக வந்தது 1986 நவம்பரில்; முதல் கோப்பை 1990இல்தான். ஆர்டெட்டா மேனேஜராக இருந்த ஆர்சனல் 2021-22 சீசனில் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் கடைசி இடத்தில் கிடந்தது. அன்று அவரை அனுப்பச் சொன்ன நண்பர்களோடு எவ்வளவு சண்டை போட்டேன்!

அப்புறம், பயிற்சிக் குழுவைப் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா? கார்னர், ஃப்ரீ கிக் பயிற்சிக்கென்றே அதே 2021இல் ஆர்சனலுக்கு வந்தவர் நிக்கோலா ஜோவர். ஆர்சனல் வீரர் கேப்ரியல் கார்னரைத் தலையால் முட்டிக் கோலாக்கினால் துள்ளுகிறோம். அந்த ஓட்டத்தைப் பழக்கியவர் பெயர் பலருக்குத் தெரியாது. புது மேனேஜரோடு உதவிப் பயிற்சியாளர்கள் யார் யார் வருகிறார்கள்? முதலில் அதைப் பேசுங்களேன்.