தொனி பின்னாளிலும் பிறக்கும்

புனைமொழியில், அதாவது ஒருவர் கற்பனையாக உருவாக்கும் மொழியில், மெய்யொலி தேய்ந்து உயிரில் தொனி (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) வருவது செயற்கை, தொனி அதன் மூலமொழியிலேயே இருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. வியட்நாமிய மொழியின் தொனிகள் மெய்யொலிகள் மறைந்தும் மாறியும் பிறந்தவை என்று பிரெஞ்சு மொழியியலாளர் ஓட்ரிகூர் 1954-லேயே விளக்கிவிட்டார்.

நீங்களே சரிபார்க்க பஞ்சாபி போதும், அழகான சான்று. குதிரையைக் குறிக்கும் ‘கோடா’ இந்தியில் குரல்நாண் அதிர்வும் மூச்சும் சேர்ந்த ககரத்தில் தொடங்கும். பஞ்சாபியின் குர்முகி எழுத்திலும் அதற்கு ஈடான எழுத்துதான். ஆனால் பஞ்சாபிப் பேச்சில் அதிர்வும் மூச்சும் போய்விட்டன. அடுத்த உயிர் தாழ்ந்த தொனியில் ஒலிக்கும். இந்தி, பஞ்சாபி இரண்டின் உச்சரிப்புப் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். காது போதவில்லை என்றால் ப்ராட் (Praat) என்ற இலவச ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து, குரல் ஏறி இறங்குவதைக் காட்டும் சுருதிக்கோட்டைப் பாருங்கள்.