எல்லாரையும் வேந்தர் ஆக்காதீர்கள்

"வேந்தன் பாரி" என்று படம் போட்டு எழுதப்படும் பதிவுகள் பெருகிவிட்டன. அன்பில் எழுதுகிறார்கள், புரிகிறது. ஆனால் பாரியின் மகளிர் பாடிய புறநானூறு 112-ஐ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "வென்றெறி முரசின் வேந்தர் எம் குன்றும் கொண்டார்" என்கிறார்கள். தகப்பனைக் கொன்று பறம்பைப் பிடித்தவர்களுக்கு அந்தப் பெண்கள் சொன்ன சொல்தான் வேந்தர். அதையே பாரியின் தலையில் சூட்டினால் பாட்டின் கசப்பே போய்விடும். அவன் வேள், அதாவது குறுநிலத் தலைவன். வேள் பாரி என்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

சங்கப் பாட்டில் வேந்தர் என்றால் பெரும்பாலும் சேர, சோழ, பாண்டியர்தாம். முரசு, வெண்கொற்றக்குடை, காவல்மரம், குடிப்பூ எல்லாம் அந்தத் தகுதியின் அடையாளங்கள். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. தொல்காப்பியப் புறத்திணையியல் "போந்தை வேம்பே ஆர்" (போந்தை பனை, ஆர் ஆத்தி) என்று இந்த மூன்றை மட்டும்தான் எண்ணுகிறது. அடுத்த படியில் வேளிர், கிழார், மலையமான், அதியமான் போன்றவர்கள். பாடநூலில் குறுநில மன்னர் என்று படித்தோமே, அவர்கள். இரு தரப்புக்கும் உள்ள உறவைப் புறம் 122-இல் கபிலர் பளிச்சென்று காட்டுகிறார்: தனக்குத் துணையாக வரும்படி மூவரில் ஒருவன் ஆளனுப்பிக் கொடுக்கும் பொருள்தான் மலையமான் திருமுடிக்காரியின் வருமானம். வேந்தனின் போருக்குப் படையோடு போனவன் காரி. அவனையும் வேந்தன் என்று எழுதினால் யார் யாருக்காகப் போரிட்டார் என்பதே குழம்பும்.

சரி, மன்னன்? அது பொதுச்சொல். மோசிகீரனாரின் புறம் 186 மிகச் சிறிய பாட்டு. "நெல்லும் உயிரன்றே நீரும் உயிரன்றே" என்று தொடங்கி, "மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்" என்று சொல்லி, "வேன்மிகு தானை வேந்தற்குக் கடனே" என்று முடிகிறது. ஒரே பாட்டில் இரண்டு சொல்லும் இருக்கின்றன. வேந்தனை மன்னன் எனலாம், அரசன் எனலாம். மன்னன் எல்லாரையும் வேந்தன் எனக்கூடாது. ஐயமாக இருந்தால் மன்னன் என்றே எழுதுங்கள், தப்பு வராது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, மறைக்க வேண்டாம். அசோகரின் 2-ஆம் பாறைக் கல்வெட்டு தெற்கே சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு (சேரர்) சத்தியபுத்திரரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அந்தச் சத்தியபுத்திரர் யார் என்பதற்குத் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டில் விடை இருந்தது: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி". வடக்கிலிருந்து பார்த்தவர்களுக்கு நான்கு பேர். தமிழ்ப் புலவர்களுக்கு மூன்றே பேர். அதியனை மூவேந்தருக்கு இணையானவன் என்று வாதாடுங்கள், ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஜம்பைக் கல்வெட்டே அவனை வேந்தன் என்று சொல்லவில்லை.

தொல்காப்பியத்தில் "வேந்தன் மேய தீம்புனல் உலகமும்" என்று வருவது வேறு. அங்கே வேந்தன் மருதநிலத் தெய்வம். உரையாசிரியர்கள் இந்திரன் என்பார்கள். இந்த வரியைச் சோழனுக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். பல்கலைக்கழக வேந்தர், துணைவேந்தர் எல்லாம் நம் காலத்துப் பதவிப் பெயர்கள், அவை அப்படியே இருக்கட்டும்.

கல்வெட்டு படிப்பவர்கள்தாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே அரசன் பெயருக்கு முன்னால் வருவது "கோ" (அரசன்) என்ற சொல். புகளூர்க் கல்வெட்டில் சேரர் "கோ ஆதன் செல்லிரும்பொறை". முற்காலச் சோழர் கோப்பரகேசரி, கோராஜகேசரி. பரகேசரியை ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பரகேசரியும் ராஜகேசரியும் சோழர் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். வெறும் "கோப்பரகேசரிக்கு யாண்டு 5" (ஆட்சியின் 5-ஆம் ஆண்டு) என்று மட்டும் இருந்தால் அது எந்தச் சோழன் என்று சொல்ல முடியாது; எழுத்தின் வடிவம், உடன் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். "மதிரை கொண்ட" (மதுரையைக் கைப்பற்றிய) என்ற அடைமொழி கோப்பரகேசரியோடு சேர்ந்தால் முதலாம் பராந்தகன் என்று பிடித்துவிடலாம். தஞ்சைக் கல்வெட்டுகள் "உடையார் ஸ்ரீராஜராஜதேவர்" என்கின்றன. எடுத்து எழுதும்போது அதை "வேந்தர் ராஜராஜர்" என்று மாற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி "மூவேந்தவேளான்". இந்தப் பெயரைக் கண்டதும் புதிய அரசன் ஒருவனைக் கண்டுபிடித்ததாகப் பதிவு போட்டுவிடுகிறார்கள். அது சோழ அரசு தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் (கோயில் நிர்வாகம்) பார்த்தவர் பெயர் பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். முதலில் ஊரோ நாடோ, அதன் பக்கத்தில் கிழவன் அல்லது உடையான் (கிழவன் என்றால் இங்கே முதியவன் அல்ல, உரிமைக்காரன்), பிறகு இயற்பெயர், "ஆன", கடைசியில் பட்டம். பெயர் இந்த வரிசையில் இருந்து, "கோ"வும் ஆட்சியாண்டும் வேறொருவர் பெயரில் இருந்தால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதிகாரியின் பெயர்.