மோர்பினை நிப்பாட்டச் சொன்னவர்களுக்கு

உப்புவெளிக் குரூப்பில் நேற்று ஓடிய குரல்பதிவை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "மோர்பின் குடுத்தா வெள்ளைக் கலமெல்லாம் செத்துப்போகும், நிப்பாட்டுங்கோ." கடும் நோவுக்கு வைத்தியர் தரும் மருந்தைத்தான் சொல்கிறார்கள். கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

அதில் கொஞ்சமும் உண்மையில்லை என்று நான் சொல்லவில்லை. நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களில் மோர்பின் பிடிக்கும் வாங்கிகள் இருப்பதற்கான தடயத்தை 1979இலேயே கண்டார்கள். அவற்றில் புற்றுக் கலங்களைக் கொல்லும் ஒரு வகையான இயற்கைக் கொல்லிக் கலங்களின் வேகத்தை மோர்பின் குறைக்கும். கிருமியை விழுங்கும் கலங்களையும் மந்தமாக்கும். சரி. ஆனால் மந்தமாவது வேறு, எல்லாம் செத்துப்போவது வேறு. அப்புறம், நோவு மட்டும் சும்மா இருக்குமா? கடும் நோவு, உடம்பு நெருக்கடியில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் கூட்டி அதே கலங்களைத்தான் அடக்குகிறது. 1993இல் சத்திரசிகிச்சை செய்த எலிகளுக்கு மோர்பின் கொடுத்தபோது புற்று பரவுவது குறைந்திருக்கிறது. எலிதான், மனிதரில்லை. ஆனாலும் நோவைச் சகித்தால் எதிர்ப்புச் சக்தி மிஞ்சும் என்பது பிழை.

எங்கள் பெரியம்மாவுக்குப் புற்று எலும்பில் இறங்கியிருந்தது. ஆரோ ஒருவர் இதே கதையைச் சொல்ல, அண்ணா மருந்துப் போத்தலை அலுமாரியில் பூட்டினார். பதினொரு நாள். தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தா. எங்களுக்குக் கேட்கக்கூடாதென்று. பன்னிரண்டாம் நாள் சண்டை பிடித்துத் திறப்பை வாங்கினேன். அன்று பின்னேரம் பெரியம்மா யன்னலைப் பார்த்துக் கேட்டா: "முற்றத்து முருங்கையை ஆர் வெட்டினது?" வெட்டி ஒரு கிழமை ஆகியிருந்தது.

"நீ டொக்டரா?" என்பீர்கள். இல்லை. பதிவில் கதைத்தவரும் இல்லை. "அடிமையாகிவிடுவார்கள்" என்பீர்கள். பெடியள் ஒளித்து மாத்திரை விழுங்குவதும், வைத்தியர் அளந்து தரும் மருந்தும் ஒன்றில்லை. மலச்சிக்கல் வரும், தூக்கம் வரும். அதற்கும் வழி இருக்கு. கிருமித் தொற்றுப் பயம் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கோ. அளவை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். பியூப்ரனோர்பின் என்ற இன்னொரு நோவு மருந்து, மோர்பின் அளவுக்கு இந்தக் கலங்களை அடக்குவதில்லை என்கிறார்கள். கேட்காமல் பூட்டி வைக்க வேண்டாம்.

போனில் புத்தி சொன்ன ஒருவரும் பெரியம்மாவோடு ஒரு இரவு முழித்திருக்கவில்லை. ஒருவரும். செத்த வீட்டுக்கு மட்டும் வேனில் வந்தீர்கள். அந்தப் பதினொரு நாளையும் ஆர் எங்களுக்குத் திருப்பித் தருவது?

பதிவைக் கேட்டுவிட்டு அப்பாவின் மருந்தை நிறுத்திய தங்கச்சி, இதை வாசித்தால் இப்பவே கிளினிக்குக்கு ஒரு போன் எடுங்கோ. இரவாக முதல் எடுங்கோ. இரவில்தான் நோவு கூடும்.