5 ஆண்டு என்பது தங்கும் காலம் அல்ல

தம்பி, தாய்லாந்தின் டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) பற்றி, ‘டிடிவி விசா கிடைத்தால் பாங்காக்கில் 5 ஆண்டு தொடர்ந்து தங்கி மடிக்கணினியில் வேலை பார்க்கலாம், வரியே கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

2024 ஜூலையில் தாய்லாந்து கொண்டுவந்த இந்த விசாவின் ஆயுள்தான் 5 ஆண்டு. ஒருமுறை நுழைந்தால் தங்க 180 நாள் தருகிறார்கள். நான் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியபோது பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையிலேயே, எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று இருந்தது. பார்க்க வேண்டியது அந்தத் தேதியை. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் இருந்தால் குடிவரவுத் துறைக்கு முகவரியும் தெரிவிக்க வேண்டும்.

ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் அங்கே இருந்தாலே வரிச் சட்டப்படி நீங்கள் அந்நாட்டுக் குடியிருப்பாளர். 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை அங்கே கொண்டுவந்தால் வரிக்கு உட்பட்டது.

விண்ணப்பத்துக்கு 5 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) இருப்புக் காட்ட வேண்டும். மன்னார்குடியில் எங்கள் பக்கத்து வீட்டார், குறுவை நெல் விற்ற பணத்தோடு நகையையும் அடகு வைத்து மகனுக்காக அதைத் திரட்டுகிறார்கள். நீங்கள் எழுதியதைக் காட்டித்தான் என்னிடம் விசாரித்தார்கள். தயவுசெய்து திருத்திவிடுங்கள்.