யாருக்காக வெட்டினீர்கள் இந்த மினியேச்சரை?

நேற்று இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்தவன் பன்னிரண்டே காலுக்குத்தான் எழுந்தேன். அவ்வளவு நேரமும் ஒரே ஒரு எலும்புக்கூடு வீரனோடு, துண்டு துண்டாக வந்து நாமே ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டிய சின்ன பிளாஸ்டிக் உருவம். பெட்டிக்குள் இன்னும் 19 பேர் இருக்கிறார்கள். இவனுக்கு 7 துண்டுகள்: இடுப்போடு சேர்ந்த கால்கள், விலாக்கூடு, மண்டை, தாடை, இரண்டு கைகள், முதுகில் தொங்கும் கிழிந்த போர்வை. தாடை தனித் துண்டு! அரிசியில் பாதி கூட இருக்காது, அதை எதற்குத் தனியாக வெட்டினார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

தாடையாவது பரவாயில்லை. அந்த ஈட்டிதான் என்னைக் கொன்றுவிட்டது. வலது கையோடு ஈட்டியின் மேல்பாதி, இடது கையோடு கீழ்பாதி. அதாவது இரண்டு தோள்களும், நடுவில் 1 மி.மீ. தடிமன்கூட இல்லாத ஈட்டிக் கம்பும், மூன்று இடமும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். வலது தோளை முதலில் ஒட்டிக் காயவிட்டால் இடது தோளில் இடைவெளி விழுகிறது, இடது தோளைச் சரிசெய்தால் ஈட்டி நடுவில் வளைகிறது. பிளாஸ்டிக் க்ளூ சாதாரணப் பசை மாதிரி இல்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்துத்தான் ஒன்றாக்குகிறது. இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்திருக்கும்போது இடுக்கு வழியாகப் பசை கசிந்து விரலுக்கு அடியில் ஓடிவிட்டது. இப்போது அந்த வீரனின் தோள் எலும்பில் என் கைரேகை நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது.

உருவங்களை ஏன் துண்டாக்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எஃகு அச்சு நேராகத் திறக்கும், நேராக மூடும். உள்பக்கம் வளைந்து போகிற வடிவம் இருந்தால் பிளாஸ்டிக் அச்சிலேயே மாட்டிக்கொள்ளும், அதனால் பிரித்துத்தான் ஆக வேண்டும். சரி, பிரியுங்கள். ஆனால் எங்கே பிரிப்பது என்பதில் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? இடுப்பு வாரின் ஓரத்தில் பிரிக்கலாம், தோள் கவசத்துக்கு அடியில், கழுத்துப் பட்டைக்குள், கையுறை முடியும் இடத்தில் பிரிக்கலாம். அங்கெல்லாம் இணைப்பு கண்ணுக்கே தெரியாது. அப்படிச் செய்த மினியேச்சர்களும் என்னிடம் இருக்கின்றன, போர்வையை முழுதாகத் தீட்டிவிட்டுக் கடைசியில் சின்ன ஆணி மாதிரியான முளையில் மாட்டினால் கச்சிதமாக உட்காரும். ஒருவரால் முடிகிறது என்றால் மற்றவராலும் முடியும். போன மாதம் ஒட்டிய சூனியக்காரிக்கு வெட்டுக்கோடு கன்னத்தின் நடுவிலேயே போகிறது. 28 மி.மீ. உயர உருவத்தின் கன்னத்தில் கிரீன் ஸ்டஃப் என்கிற பச்சைப் புட்டியை வைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்த்து மட்டமாக்கிப் பாருங்கள், மூக்கும் சேர்ந்து தேய்ந்து போகும்.

முன்பெல்லாம் துண்டுகள் நிறைய இருந்ததற்கு ஒரு பலன் இருந்தது. தோள் தட்டையாக இருக்கும், எந்தக் கையையும் எந்த உடம்பிலும் ஒட்டலாம், 20 பேரும் 20 விதமாக நிற்பார்கள். இந்தப் பெட்டியில் 14ஆம் எண் கை 15ஆம் எண் உடம்புக்கு மட்டும்தான் பொருந்தும், அதுவும் ஒரே கோணத்தில். துண்டுகள் மட்டும் கூடியிருக்கின்றன, நம் இஷ்டப்படி நிறுத்துகிற சுதந்திரம் போய்விட்டது. அந்த எண்களாவது துண்டுகள் மாட்டியிருக்கும் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், தெளிவாகத் தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை, விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டியிருக்கிறது. செய்முறைத் தாளில் ஒரே பக்கத்திலிருந்து ஒரு படம், அம்புக்குறி முதுகுக்குப் பின்னால் போய் மறைந்துவிடுகிறது. எங்கே ஒட்டுவது என்பது அந்த மறைந்த பக்கத்தில்தானே இருக்கிறது?

சரி, ஒருவழியாக ஒட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம், அப்புறம் பெயின்ட். போர்வையை ஒட்டிவிட்டால் பிரஷ் முதுகெலும்பு வரை போகாது. ஒட்டாமல் தனித்தனியாகத் தீட்டினால், பெயின்ட் மேல் பிளாஸ்டிக் க்ளூ பிடிக்காது, ஏனென்றால் அது கரைக்க வேண்டிய பிளாஸ்டிக் பெயின்டுக்கு அடியில் இருக்கிறது. கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சூப்பர் க்ளூ போட வேண்டும், அது ஒருமுறை கீழே விழுந்தாலே பட்டென்று விட்டுவிடும். எந்தத் துண்டை எப்போது தீட்டுவது என்று செய்முறைத் தாளில் ஒரு வார்த்தை கிடையாது. இது தீட்டுவதற்காகவே விற்கப்படும் பொருள், ஆனால் தாளைப் பார்த்தால் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

மோல்ட் லைன் விஷயமும் இப்படித்தான். அச்சின் இரண்டு பாதியும் சேருமிடத்தில் வரும் மெல்லிய மேடு, சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் கண்ணில் படாது. முதல் பூச்சான பிரைமர் அடித்து, நிறம் போட்டு, கடைசியில் நிழல் காட்டுவதற்கான நீர்த்த பெயின்டை, அதாவது கறுப்பு வாஷை, ஊற்றும்போது அதன் ஓரத்தில் மை தேங்கி ஒவ்வொரு விலா எலும்பிலும் பளிச்சென்று தெரிகிறது. அந்த நேரத்தில் சுரண்டினால் தீட்டியது அத்தனையும் போச்சு. அந்தக் கோட்டை எலும்பின் விளிம்பில் மறைத்திருக்கலாம், நெற்றிப்பொட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், "பொறுமை வேண்டும், பழகினால் சரியாகிவிடும்." பதினொரு வருடமாக இதைச் செய்கிறேன். பிரஷ் நுனியில் நிற்கிற ஒரு துளி பெயின்டை வைத்து ஒரு கண்மணிக்காக ஒரு மணி நேரம் செலவழித்திருக்கிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதற்காகத்தான் இதை வாங்குகிறேன். அந்தப் பொறுமையை வேறொருவர் யோசிக்காமல் வெட்டியதைச் சரிசெய்யவா செலவழிக்க வேண்டும்? புதிதாக வருகிறவர்கள் இதை அனுபவித்துவிட்டுத் தங்களுக்குக் கை வரவில்லை என்று நினைத்துப் பெட்டியை மூடி வைத்துவிடுகிறார்கள், அப்படி நான்கு நண்பர்களை எனக்கே தெரியும். அவர்கள் கையில் ஒரு தப்பும் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அச்சு வெட்டுவதற்கு முன் தினமும் பிரஷ் பிடிக்கிற ஒருவரிடம் அந்த உருவத்தைக் காட்டுங்கள். செய்முறைத் தாளில், "போர்வையை ஒட்டும் முன் முதுகைத் தீட்டவும்" என்று ஒரு வரி போடுங்கள். அந்தத் தாடையை மண்டையோடு சேர்த்தே கொடுங்கள்.