நன்றாக நடக்கும்போதே விலகுகிறேன்

எங்கள் சபைகளில் ஒரு பொறுப்பிலிருந்து வெளியே வர மூன்று வழிகள்தான் உண்டு: சண்டை, சாவு, சென்னைக்கு மாற்றல். நான்காவதாக ஒரு வழி இருக்கலாம் என்று யாரும் நம்புவதில்லை. ஞாயிறு பள்ளித் தலைமைப் பொறுப்பை ஜூன் மாதத்தோடு விட்டுவிடுகிறேன் என்று சபைக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்தேன். அன்றிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளே இதற்குச் சாட்சி. “ஆயரோடு ஏதாவது மனத்தாங்கலா அக்கா?” “செயலர் ஏதாவது சொல்லிவிட்டாரா?” “உடம்புக்கு என்ன?” ஒன்றுமில்லை என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “என்னிடம் மட்டும் சொல்லுங்கள்” என்கிறார்கள்.

எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். சண்டை இல்லை. சலிப்பும் இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நிறைவைத் தந்த வேலை வேறு கிடையாது. பள்ளிக்கூட ஆசிரியை வேலை சம்பளம் தந்தது, அவ்வளவுதான்.

வேலூரின் மே மாத வெயிலில், ஆலயத்துக்குப் பின்புறம் தகரக் கூரையின் கீழ் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளும். பிள்ளைகளோ வியர்வை வழிய வழியக் கைதட்டிப் பாடுவார்கள். ரஸ்னா கரைத்த அண்டாவைச் சுற்றி ஒரு போர் நடக்கும். நாடகம் என்றால் கோலியாத்தாக நிற்பதற்குப் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். வாள் அவனிடம்தானே இருக்கிறது! தாவீதாக நிற்கத்தான் ஆளைக் கெஞ்ச வேண்டியிருக்கும். பாலர் வகுப்பில் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். இதை யாராவது வெறுப்பில் விடுவார்களா?

பிறகு ஏன்? குடியாத்தத்தில் என் நாத்தனார் வீட்டுப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் சிலர் 10ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேண்டும், பாடம் சொல்லித்தர வாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏழாவதோடும் எட்டாவதோடும் படிப்பு நின்றுபோனவர்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பகல் முழுதும் இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு எந்த வேலையைக் கேட்டுப் போனாலும், முதலில் 10ஆம் வகுப்புச் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். அவர்களுக்கு இலை வராத நாள் ஞாயிறு. எனக்கும் ஞாயிறுதான் இருக்கிறது. அதிகாலை ஆராதனைக்கு வந்துவிட்டு, பள்ளிகொண்டா வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால் வகுப்புக்கு நேரத்துக்குப் போய்விடலாம். சபையை விட்டுப் போகவில்லை என்பதையும் இதிலேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகளோடு ஓடியாடியதில் ஒரு பிரசங்கத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டு எத்தனையோ வருடங்களாகிவிட்டன. கேட்க ஆசை. “நாலு வாரம் முழுதாகக் கேள், தானாக ஞாயிறு பள்ளிக்குத் திரும்பிவிடுவாய்” என்கிறார் என் கணவர்.

“அங்கே போய்ச் சுவிசேஷம் சொல்வீர்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை ஐயா, இருபடிச் சமன்பாடு சொல்லிக்கொடுப்பேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கலாமா என்றார். பவுலை விட்டுப் போன தேமாவையும் ஜாடையாக ஒரு முறை இழுத்தார். சபை வேலையிலிருந்து விலகுபவர்களின் தலையில் காலகாலமாக இறங்கும் இரண்டு வசனங்கள் இவை. மூன்றாவதாக ஒன்று இருப்பதை யாரும் எடுப்பதில்லை. வேதாகமத்தில் எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர், 25 வயதில் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கு வர வேண்டும். 50 வயதில் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். அதன்பின் தம் சகோதரருக்கு உதவியாக இருக்கலாம், பொறுப்பான பணியைச் செய்யக் கூடாது. விலகுவதற்கே ஒரு கட்டளை! அதைப் படித்துவிட்டு என் வயதை எண்ணிக்கொண்டேன். எனக்கு 50 தாண்டிவிட்டது.

ஆயர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வருகிறது. பொன்னாடை, பிரியாணி, கண்ணீர், அடுத்த ஆயர். யாரும் அவரைத் தேமா என்று சொல்வதில்லை. சபையாருக்குத்தான் கணக்கு வேறு. 1976இல் வேலூர்ப் பேராயம் உருவானபோது வாங்கிய பீரோச் சாவியை இன்னும் இடுப்பில் செருகியிருப்பவர்கள் நம்மிடையே இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். “நீங்கள் இல்லையென்றால் நடக்காது” என்று அவர்களைப் பாராட்டுகிறோம். ஒருவர் இல்லையென்றால் நடக்காது என்ற நிலைக்கு ஒரு வேலையைக் கொண்டுவந்திருந்தால், அவரிடம் விளக்கம் அல்லவா கேட்க வேண்டும்?

வேலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1900இல் ஒற்றைக் கட்டிலோடு, இன்று சி.எம்.சி. என்று நாம் அழைக்கும் மருத்துவமனையைத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1946இல் ஓய்வு பெற்றார். 1960 வரை கொடைக்கானலில் இருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே ஹில்டா லாசரஸ் என்ற இந்திய மருத்துவர் அந்த நிறுவனத்தின் இயக்குநராக அமர்ந்தார். கட்டியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் நடத்தினார். அவரைவிடவா ஞாயிறு பள்ளித் தலைவி பெரியவள்?

ஒப்படைப்பது மட்டும் நான் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. வருகைப் பதிவேடு, ஃபிளானல் போர்டுப் படங்கள், காணிக்கைக் கணக்கு எல்லாம் ஒரே மாலையில் கைமாறிவிட்டன. பதிவேட்டில் இல்லாததுதான் நீண்டுகொண்டே போகிறது. எந்தப் பையனிடம் அப்பாவைப் பற்றிக் கேட்கக் கூடாது, எந்தப் பெண் மேடையில் ஏறினால் குரல் அடைத்துப்போகும் ஆனால் திரைக்குப் பின்னால் நின்றால் அருமையாகப் பாடும், எந்த வீட்டில் பிள்ளையை அனுப்பச் சொல்லிப் பாட்டியிடம் கேட்க வேண்டும், அம்மாவிடம் கேட்டால் காரியம் கெடும். பிள்ளைகளின் வீட்டு விஷயங்கள் என்பதால் எழுதிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாரா வாரம் சொல்கிறேன். பாதியைக் கேட்கிறார். மீதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்கிறார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் அந்தத் தம்பி கிறிஸ்து பிறப்பு நாடகத்தை மாற்றப்போகிறாராம். மேய்ப்பர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கமாட்டார்கள், ஏரோது கிடையாது, பாட்டுகளும் புதியவை என்று கேள்வி. அதற்குள் இரண்டு பேர் என்னிடம் முறையிட்டுவிட்டார்கள். எனக்கும் ஏரோது போவதில் வருத்தம்தான். ஆனால் முறையீட்டை அவரிடமே கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அழைத்தால் எடுக்க மாட்டேன், வகுப்பில் இருப்பேன்.